ரெட்ரோ கூட்டத்தில் வந்து உட்காரும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டெலிவரி மேலாளர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியிலிருந்து எழுதுகிறேன். எந்தக் கட்டடம், எந்த நிறுவனம் என்று தேட வேண்டாம். சிறுசேரியில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும் நீங்கள் செய்வது ஒன்றுதான் என்பதால் கடிதம் எல்லோருக்கும் பொது. ஆறு ஆண்டுகளாக ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது மென்பொருள் அணி தன் வேலைமுறையைச் சரியாக நடத்திக்கொள்ள உதவுகிறவளாக, இருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்ற ஒரு வேலைச் சுற்று, அதன் முடிவில் நடந்ததை அணி திரும்பிப் பார்க்கும் ஒரு ரெட்ரோ என்று கணக்குப் போட்டால் நூற்றைம்பது கூட்டங்கள் நடத்தியிருப்பேன். அவற்றில் உருப்படியானவை இருபது தேறினால் அதிகம். மீதியில் பாதிக்கு நான்தான் காரணம். என் பாதியைத் திருத்திக்கொண்டு வருகிறேன். மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்களில் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் மூன்றே வரிகள். "இந்த முறை ரெட்ரோவை ஒரு தீம் வைத்துக் கலகலப்பாக நடத்துங்கள். தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அவர்களும் உட்காருவார்கள். படங்கள் எடுத்து அனுப்பிவிடுங்கள்."

ஐபிஎல் நடந்துகொண்டிருந்த சமயம். எனவே கிரிக்கெட் தீம். பச்சைத் துணி விரித்தோம். சுவரில் மூன்று கட்டங்கள் வரைந்து, நன்றாக நடந்ததை 'சிக்ஸர்' என்றும், கெட்டுப்போனதை 'விக்கெட்' என்றும், முறைகேடாக நடந்ததை 'நோ-பால்' என்றும் எழுதச் சொன்னேன். ஒன்பது பேர், பதினொரு ஒட்டுத்தாள்கள். விக்கெட் கட்டத்தில் 'இணைய வேகம் குறைவு'. நோ-பால் கட்டத்தில் 'கேன்டீன் காபி'. காபியைப் பற்றி மட்டும் மூன்று தாள்கள். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தி நிற்கும் படம் அலுவலகத்தின் உள் பக்கத்தில் வெளியாகி நிறைய பாராட்டு பெற்றது. அந்தப் படத்தில் நிற்பவர்களில் இருவர் அதே மாதக் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். போகும் எண்ணத்தில் இருக்கிறோம் என்பதற்கு அந்தப் பதினொரு தாள்களில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

தீம் வைத்தால் கூட்டம் கலகலப்பாகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கலகலப்பு கூடவே வருகிற லாபம், அவ்வளவுதான். தீம் எதற்கு என்பதை நான் புரிந்துகொண்டது என் பாட்டியிடமிருந்து. அவருக்கு என் சித்தப்பாவிடம் ஏதாவது கோபம் இருந்தால் சித்தப்பாவிடம் பேச மாட்டார். கூடத்தில் படுத்திருக்கும் பூனையைப் பார்த்து, "வேளாவேளைக்குத் தட்டு முன்னால் மட்டும் வந்து உட்காரத் தெரிகிறது" என்பார். பூனைக்கும் புரியாது, சித்தப்பாவும் கோபித்துக்கொள்ள முடியாது, ஆனால் மறுநாள் காலை சித்தப்பா ரேஷன் கடை வரிசையில் நிற்பார். ஜாடைப் பேச்சு என்று இதற்குப் பெயர். ரெட்ரோவில் தீம் என்பது அலுவலகம் அனுமதிக்கும் ஜாடைப் பேச்சு. நேரே சொன்னால் பகை வரும் விஷயத்தைப் படகின் மேல், பாறையின் மேல், காற்றின் மேல் ஏற்றிச் சொல்லலாம். அந்த வாய்ப்பைக் கொடுப்பதுதான் அதன் வேலை.

சரி, ஜாடைக்கு உரியவரே கையில் கைபேசிக் கேமராவோடு மூலையில் உட்கார்ந்திருந்தால்? பாட்டி பூனையையும் திட்ட மாட்டார்.

வழக்கமான ரெட்ரோவில் மூன்று கேள்விகள். எது நன்றாக நடந்தது, எது சரியில்லை, அடுத்த முறை எதை மாற்றலாம். நல்ல கேள்விகள்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதையே கேட்டால், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். 'கூட்டு முயற்சி நன்று.' 'தேவைகளில் தெளிவில்லை.' 'கம்யூனிகேஷன் கேப்.' இந்தக் கடைசி வார்த்தையின் மேல் எனக்குத் தனிப் பகை உண்டு. அதை எழுதி ஒட்டுகிறவரிடம் "அதையே தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் தடுமாறுவார். பிறகு, "செவ்வாய்க்கிழமை கிளையண்ட் தேதியை மாற்றிவிட்டார். அது எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது" என்பார். ஆங்கிலத்தில் ஆளே இல்லாமல் ஒரு இடைவெளி மட்டும் இருந்தது. தமிழில் கிழமை வந்துவிட்டது, யாருக்கு எப்போது தெரிந்தது என்பது வந்துவிட்டது. எங்கள் அணியில் இரண்டு தெலுங்கர்கள், ஒரு மலையாளி உண்டு. அவரவர் மொழியில் எழுதிவிட்டு அவரவரே வாசித்து விளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூட்டம் பத்து நிமிடம் நீளமாகிறது, பரவாயில்லை.

இனி படகின் கதைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

படகு ரெட்ரோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுவரில் ஒரு பாய்மரப் படகு. அது போய்ச் சேர வேண்டிய தீவு நம் இலக்கு. பாயைத் தள்ளும் காற்று நமக்கு உதவுவது. வழியில் உள்ள பாறை வரப்போகும் ஆபத்து. அடியில் தொங்கும் நங்கூரம் நம்மை இழுத்துப் பிடிப்பது. இதன் மூலம் லூக் ஹோமன் என்ற அமெரிக்கர் அமைத்த 'வேகப் படகு' என்ற விளையாட்டு. அது முதலில் அணிகளுக்கானதே அல்ல. வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, எங்கள் பொருளில் உங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் நங்கூரமாக எழுதித் தொங்கவிடுங்கள் என்று கேட்பதற்கானது. பிற்பாடு காற்று, பாறை, தீவு எல்லாம் சேர்ந்து அணிகளின் ரெட்ரோவுக்குள் வந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க நங்கூரம் என்றால் கெட்டது என்றுதான் வரைகிறார்கள். நானும் அப்படித்தான் வரைந்தேன். ஒரே ஒரு மாற்றம்: ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதானே என்ற பெருமையில் பாய்மரப் படகுக்குப் பதில் கட்டுமரம் வரைந்தேன். கட்டி வைத்த விறகுக்குப் பாய் முளைத்ததுபோல் இருந்தது.

அன்று உங்களில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். "நான் பேச மாட்டேன், சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். பேசவில்லை, உண்மை. 75 நிமிடம் என்று போட்டிருந்த கூட்டம், அவருக்கு வேறு கூட்டம் இருந்ததால் 45 நிமிடமானது. எழுதி ஒட்டி முடித்தோம், பேசுவதற்கு நேரம் வரவில்லை. நங்கூரத்தின் கீழே ஒரு தாளில் 'ரிக்ரஷன் சோதனை, 2 நாள்' என்று இருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்த்ததால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது எதுவும் கெட்டுவிடவில்லையே என்று பழையதையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்கும் வேலை அது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் இரண்டு நாள் பிடிக்கும். மேலாளர் எழுந்து போகும்போது சுவரைப் படம் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. 'அணி கேட்டுக்கொண்டபடி' ரிக்ரஷன் சோதனை அரை நாளாகக் குறைக்கப்படுகிறது. எந்தெந்தச் சோதனைகளை விட்டுவிடலாம் என்ற பட்டியலும் இணைப்பில் இருந்தது.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை இரவு வெளியீடு. கிளையண்டின் இணையக் கடையில் தள்ளுபடி இரண்டு முறை கழிந்துகொண்டிருந்தது. நூறு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்துவிட்டு, பில் போடும்போது மறுபடி குறைத்தது. நான்கு மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது இரவு பதினொன்று. நானும் நான்கு பேரும் அவரவர் வீட்டிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். அதைப் பிடித்திருக்க வேண்டிய சோதனை, நீக்கப்பட்ட பட்டியலில் பதினான்காவது வரியில் இருந்தது.

அடுத்த ரெட்ரோவுக்கு நான் தீம் எதுவும் வைக்கவில்லை. எழவு வீட்டில் கோலப் போட்டி நடத்த முடியாது. பெரிய அடி விழுந்த ஸ்பிரிண்டுக்குப் பிறகு சுவரில் ஒரு நீளக் கோடு போட்டு, எந்த நாள் எந்த மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவதுதான் சரி. அதைத்தான் செய்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய கட்டுமரப் படம் அதே சுவரில் ஓரமாக ஒட்டியபடி இருந்தது. எங்கள் டெஸ்டர் பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டைக்காரன், அப்பா விசைப்படகில் போகிறவர். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டில் ரெட்ரோவில் அவன் பேசிக் கேட்டதில்லை.

"அக்கா, நங்கூரம் கெட்டது என்று யார் சொன்னது?" என்றான்.

யாரும் சொல்லவில்லை, படத்தில் அப்படி வருகிறது என்றேன்.

"வரைந்தவர் கடலுக்குப் போனவராக இருக்க மாட்டார். இரவில் அசந்து தூங்கும்போது நங்கூரம் போடவில்லை என்றால் நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது. கண் விழிக்கும்போது எல்லை தாண்டியிருக்கும், எதிரில் இலங்கைக் கடற்படை நிற்கும். அப்பா வலையை விட்டுவிட்டு வந்தாலும் வருவார், நங்கூரத்தை விட்டுவிட்டு வர மாட்டார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "படகு மெதுவாகப் போவதற்குக் காரணம் நங்கூரம் இல்லை. அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியும் பாசியும்தான். அது மேலே நின்று பார்க்கிறவர் கண்ணில் படாது."

அதன்பிறகு நான் கூட்டத்தை நடத்தவே இல்லை, அதுவாக நடந்தது. முதலில் பேசியவன் அந்தத் தாளை எழுதிய டெவலப்பர். இரண்டு நாள் ஆகிறதே என்ற எரிச்சலில் எழுதினேன், அதைத் தானாக ஓடும்படி மாற்ற ஒரு ஆளும் ஒரு மாதமும் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதினேன், எடுத்துவிடச் சொல்லி எழுதவில்லை என்றான். அவன் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. ஒன்றரை மாதமாக இதை மனதில் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். பிறகு சிப்பியும் பாசியும் என்னென்ன என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்ப்பதற்கு மூன்று நாள் காத்திருப்பது. எட்டு ஆண்டுப் பழைய பகுதி ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது. ஒரே நேரத்தில் மூன்று அவசரம் என்று மேலிருந்து வருவது.

மேலாளர்களே, உங்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். சுவரில் ஒட்டிய தாள் ஒரு முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒருவர் வாயைத் திறப்பதற்கு முன் விடும் மூச்சு. அதைப் படம் பிடித்துக்கொண்டுபோய் ஆணையாக மாற்றினால், அடுத்த முறை யாரும் மூச்சுவிட மாட்டார்கள். காபியைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் பதினேழு பேர் கூடி மென்பொருள் வேலைமுறைக்கென்று எழுதிய அஜைல் பிரகடனத்தின் பன்னிரண்டு நெறிகளில் கடைசி நெறி, குறிப்பிட்ட இடைவெளிகளில் அணி தன்னைத் தானே திரும்பிப் பார்த்துத் தன் நடைமுறையைத் திருத்திக்கொள்ளும் என்கிறது. பார்ப்பதும் அணி, திருத்துவதும் அணி. ஸ்க்ரம் வேலைமுறைக்கான கையேடு, ஸ்க்ரம் வழிகாட்டியை எடுத்துக்கொண்டாலும் ரெட்ரோ ஸ்க்ரம் அணிக்கு உரியது. அந்த அணியில் ஸ்க்ரம் மாஸ்டர் உண்டு, எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் உண்டு, டெவலப்பர்கள் உண்டு. டெலிவரி மேலாளர் என்ற சொல் அந்தக் கையேட்டில் எங்குமே கிடையாது. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம், சிறிய ஸ்பிரிண்டுக்கு வழக்கமாக அதைவிடக் குறைவு என்று நேர வரம்பும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு 75 நிமிடம் கேட்பது பேராசை இல்லை.

அதே கையேட்டின் 2017 பதிப்பு, முந்தைய ரெட்ரோவில் கண்ட மேம்பாடுகளில் முக்கியமான ஒன்றையாவது அடுத்த ஸ்பிரிண்டின் வேலைப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. 2020 பதிப்பில் அது 'சேர்க்கவும் செய்யலாம்' என்று தளர்ந்துவிட்டது. எழுதியவர்களுக்குக் காரணம் இருந்திருக்கும். நம் ஊரில் 'செய்யலாம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் இன்னும் 2017-ஐத்தான் பின்பற்றுகிறேன்.

நார்ம் கெர்த் என்ற மூத்தவர் ரெட்ரோவுக்கென்று ஒரு தலையாய விதி வைத்தார். எது தெரியவந்தாலும், அந்த நேரத்தில் அவரவருக்குத் தெரிந்ததையும், அவரவர் திறமையையும், கையில் இருந்த வசதியையும், இருந்த சூழ்நிலையையும் வைத்து ஒவ்வொருவரும் தங்களால் முடிந்த அளவு நன்றாகவே செய்தார்கள் என்று நம்புகிறோம் என்பது அதன் சாரம். கூட்டத் தொடக்கத்தில் அதை வாசிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண், "இதை என் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்திலும் வாசிப்பார்களா, அக்கா?" என்று கேட்டாள். அன்றோடு வாசிப்பதை நிறுத்தினேன். இப்போது அதற்குப் பதில் வேறொன்று செய்கிறேன். கூட்டம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். இன்று இங்கே மனம் விட்டுப் பேச முடியுமா என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை மட்டும் எழுதி, என் சாப்பாட்டு டப்பாவில் போட வேண்டும். எழுத்து இல்லை, எண் மட்டும், அதனால் கையெழுத்து தெரியாது. நீங்கள் உட்கார்ந்த நாளில் டப்பாவில் விழுந்தவை பெரும்பாலும் இரண்டு, மூன்று. ஒரு ஒன்றும் இருந்தது. நீங்கள் வராத நாளில் நான்கும் ஐந்தும். மனவருத்தப்பட வேண்டாம். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு வந்த பதில் அல்ல அது. சம்பளத்தை எழுதும் கை அருகில் இருக்கும்போது நாக்கு எவ்வளவு நீளும் என்பதன் அளவு, அவ்வளவே.

அக்கரைப்பேட்டைக்காரன் பேசிய பிறகு நான் செய்த புதிய தீம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக அரசு விதிக்கும் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்து 2017-இல் 61 ஆனது. கரையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்களில் மீன் விலை ஏறுவது மட்டும்தான் தெரியும். படகுக்காரர்கள் அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றுவார்கள். அடியைச் சுரண்டுவார்கள், உளுத்த பலகையை மாற்றுவார்கள், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைப்பார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் போடுவார்கள், வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பின்னுவார்கள். மீனுக்காக வந்த தடை படகுக்கும் ஆயிற்று.

சுவரில் கரையேறிய ஒரு படகை வரைந்தேன், இந்த முறை பையனையே வரையச் சொல்லி. கேள்விகள் நான்கு. அடியில் சுரண்ட வேண்டியது எது? எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது? மாற்றியே ஆக வேண்டிய பலகை எது? கடைசிக் கேள்வி அவன் சேர்த்தது: கொஞ்ச நாள் நாம் தொடாமல் விட்டால் தானாகப் பெருகக்கூடியது எது?

முதல் எட்டு நிமிடம் பேச்சே கிடையாது. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். பேசத் தொடங்கினால் முதலில் பேசுகிறவரின் கருத்தே எல்லோர் தாளிலும் வந்துவிடும் என்பதால் இந்த மௌனத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு தாள்களை ஒட்டி, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஆளுக்கு மூன்று புள்ளி வைக்கும் உரிமை கொடுத்தோம். அதிகப் புள்ளி பெற்ற இரண்டைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசினோம். நான் ஒருகாலத்தில் எல்லாத் தாளையும் பேசி முடிக்க வேண்டும் என்று ஓடியவள். இருபத்திரண்டு தாளைத் தொட்டுவிட்டு ஒன்றையும் முடிக்காமல் எழுந்து போவதுதான் அப்போது நடந்தது.

நான்காவது கேள்விக்கு வந்த பதில்களை நான் எதிர்பார்க்கவே இல்லை. புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரே திரையில் சேர்ந்து நிரல் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். 'ஒரு வேலைக்கு இரண்டு பேரா' என்று அதை நிறுத்தும் பேச்சு இருந்தது. ஐந்து பேர் அதைத்தான் எழுதியிருந்தார்கள், தொடாதீர்கள் என்று. வேறு எந்தக் கேள்வி வைத்திருந்தாலும் அது வந்திருக்காது. எல்லாத் தீமும் எதை மாற்றலாம் என்றுதான் கேட்கிறது, எதை விட்டுவைக்கலாம் என்று கேட்பது அபூர்வம்.

தீம் எல்லாம் நன்மை தரும் என்று நான் சொல்லவில்லை. சினிமாத் தீம் ஒன்று வைத்து நானே கையைச் சுட்டுக்கொண்டேன். கதாநாயகன், வில்லன், திருப்பம் என்று கட்டங்கள். வில்லன் என்று ஒரு கட்டம் வைத்தால் அதில் ஒரு ஆள் போய் உட்காராமல் இருப்பாரா? உட்கார்ந்தார். பெயர் எழுதவில்லை, ஆனால் எழுதியதுபோல்தான். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கிரிக்கெட் தீமில் 'ஆட்ட நாயகன்' வந்தவுடன் ரெட்ரோ பரிசளிப்பு விழாவாகிவிடும், பரிசு வாங்காதவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். ஜனவரியில் போகித் தீம் வைத்தேன். எரிக்க வேண்டியதைக் கேட்டதும் எல்லோரும் கிளையண்டின் கோரிக்கைகளைத்தான் எரித்தார்கள். புகை வந்தது, குளிர் காயக்கூட முடியவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் ஹாலோவீன் தீமை ஒருமுறை நடத்தினேன். தர்மபுரிக்காரர் ஒருவர் பாதிக் கூட்டம் வரை பூசணிக்காயை எதற்குக் குடைகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார், அவர் கேட்டது நியாயம்தான். தீமை விளக்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்தத் தீம் அந்த அணிக்கு உரியதில்லை. ஒரு தீமில் கோளாறு இருக்கலாம், குற்றவாளி இருக்கக்கூடாது. தீமில் வரும் விஷயத்தை உடம்பால் அறிந்த ஒருவராவது அணியில் இருந்தால் அது இன்னும் நல்லது, நங்கூரம் பற்றித் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கிளையண்ட் உங்களிடம் கேட்கிறார், உங்களுக்கு மேலே இருப்பவர் உங்களிடம் கேட்கிறார், எத்தனை ரெட்ரோ நடந்தது, எத்தனை முடிவுகள் எடுத்தீர்கள், எத்தனை முடித்தீர்கள் என்று ஒரு வண்ணப் பலகை நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பலகையைப் பச்சையாக வைக்க எங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே முடித்துவிட்ட வேலையை ரெட்ரோவின் முடிவு என்று எழுதி, மறுநாள் முடித்துவிட்டோம் என்று குறித்தால் போதும். மூன்று அணிகள் அப்படித்தான் செய்கின்றன, அதில் ஒன்று ஒரு காலத்தில் என்னுடையது. அதைவிட எங்களிடம் ஒரே ஒரு வரி கேளுங்கள்: இந்த முறை நீங்கள் மாற்றப்போவதாக முடிவு செய்த ஒன்று எது? அந்த ஒன்றுக்கு ஸ்பிரிண்டில் இடம் கொடுங்கள். கிளையண்டின் கடைசி நேரக் கோரிக்கை வரும்போது முதலில் தூக்கி எறியப்படுவது அதுவாக இருக்கக்கூடாது. கூப்பிட்டால் வாருங்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு வாருங்கள், அணி உங்களிடம் நேரே கேட்க விரும்புவதைக் கேட்கும். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். 'பார்க்கலாம்' என்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. அப்புறம், நீங்கள் மேலாளர்கள் மட்டும் சேர்ந்து ஒரு ரெட்ரோ நடத்தியதுண்டா? இல்லையென்றால் ஒருமுறை கூப்பிடுங்கள், வந்து நடத்தித் தருகிறேன். டப்பா நான் கொண்டுவருகிறேன்.

தடைக்கால ரெட்ரோவில் எங்களால் தீர்க்க முடியாது, மேலாளர்தான் தீர்க்க முடியும் என்று ஒதுக்கி வைத்த தாள்கள் மூன்று. ஒன்று, ரிக்ரஷன் சோதனையைத் தானியக்கமாக்க ஒரு ஆளும் ஒரு மாதமும். இரண்டாவது, அந்த எட்டு ஆண்டுப் பழைய பகுதியைத் தெரிந்த ஒரே ஆளை வேறு திட்டத்துக்கு மாற்றும் முன் எங்களுக்குக் கற்றுத்தர இரண்டு வாரம். மூன்றாவது அவசரங்களைப் பற்றியது: ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வந்தால் எது முதலில் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. எங்கள் மேலாளருக்கு இவற்றை அனுப்பி ஐந்து வாரமாகிறது. தாள்கள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன, மஞ்சள் வெளுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த ரெட்ரோ வரும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு. அதற்குள் பதில் வந்தால் தொடங்கும்போதே வாசித்துவிடுவேன். இரண்டு வரி போதும்.

அன்புடன்,
ஆறாவது மாடி ஸ்க்ரம் மாஸ்டர்